முந்தின ஆளின் ரிப்போர்ட்

ஜனவரி 20, திங்கள்

இன்றைக்கு முதல் ஆளே வயிற்றிலிருந்த ஜெல்லைச் சரியாகத் துடைக்காமல் எழுந்து வந்து என் மேசையில் கையை ஊன்றினாள். கீபோர்டெல்லாம் பிசுபிசு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகவில்லை, மதியச் சாப்பாட்டுக் கையிலும் அதே வழவழப்பு. பாதித் தயிர்சாதத்தைக் கொட்டிவிட்டேன்.

பதினொரு வருடமாக கோபியில் இந்த ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் விஜயசாரதி ஸ்கேன் பார்த்துக்கொண்டே அளவுகளைச் சொல்வார், இந்தப் பக்கம் நான் அடிப்பேன். ஒவ்வொருவருக்கும் புதிதாக அடிக்க நேரமேது? முந்தின ஆளின் ரிப்போர்ட்டைத் திறந்து, பெயர், வயது, அளவுகளை மாற்றி, வேறு பெயரில் சேமித்து அச்சுக்குக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த டைப்பிஸ்டுகள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அவர் பத்து மணிக்குள் நாற்பது பேரைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டியவர்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பிரகதீஸுக்குப் பெண் கூடி வந்துவிட்டதாம். கவுந்தப்பாடி, பேர் சிந்துஜா, வயது இருபது, பி.காம் கடைசி வருடம். எங்கள் பக்கம் நிச்சயமென்றால் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது வழக்கம். தை முடிவதற்குள் மாற்றிவிட வேண்டுமாம். நல்லது என்றேன். துணி துவைக்கப் போனேன்.

ஜனவரி 21, செவ்வாய்

தாடையில் ஏழு முடி. எல்லாம் புதிது. முள்வாங்கி மழுங்கிவிட்டது, வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

அம்மா சிரித்ததற்கு அர்த்தம் இன்றைக்குத்தான் தெரிந்தது. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ளைய திங்கக்கெழம உன்ற சென்டருக்கு வரச் சொல்லீட்டேன். உள்ளார எல்லாஞ் சரியா இருக்குதான்னு நீயே பக்கத்துல இருந்து பாத்துரு. ஒருக்காப் பட்டது போதும் சாமி."

பட்டது என்று அவள் சொன்னது என்னை. மூன்று வருடம் வாழ்ந்துவிட்டு நான் திரும்பி வந்ததை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த வீடு எனக்கு ஒத்துவரவில்லை, நானாகத்தான் வந்தேன். எத்தனை தடவை சொன்னாலும் அம்மா மண்டையில் ஏறாது.

ஜாதகத்தோடு ஸ்கேன் ரிப்போர்ட்டும் கேட்பது இப்போது இங்கே நடப்பதுதான். மாதம் நாலைந்து பேர் வருகிறார்கள். பெண்ணின் அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள், கூடவே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருத்தி காவலுக்கு வருவாள். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. எனக்குக் குமட்டும். இந்தத் தடவை அந்தக் காவல்காரி நானே.

பெண்ணின் அம்மா ஒத்துக்கொண்டாளா என்று கேட்டேன். "அதுக்கென்னுங்க, பாத்துக்கலாம்னு சொல்லீட்டாங்க" என்றாள் அம்மா. தேங்காய் மூடியைச் சுரண்டிச் சுரண்டி ஓடு தெரியும் வரை துருவினாள். அந்தச் சட்னியை நான் தொடவில்லை.

ஜனவரி 25, சனி

கல்யாணத்துக்கு முன் ஸ்கேனில் தேடுகிற இதை எல்லாரும் நீர்க்கட்டி என்கிறார்கள். சொல்லும்போதே மூக்கைச் சுளிக்கிறார்கள், உள்ளே சீழ் கட்டியிருக்கிற மாதிரி. கட்டியே கிடையாது. மாதத்துக்கு ஒன்றாக முதிர்ந்து வெடிக்க வேண்டிய முட்டைப் பைகள், முதிராமல் குட்டிக் குட்டியாக நின்றுபோய்ச் சினைப்பையின் ஓரமெல்லாம் வரிசை கட்டியிருக்கும். ஸ்கேனில் கறுப்பு மணிகளாகத் தெரியும். சினைப்பையும் பெருத்திருக்கும். பத்து சிசிக்கு மேல் போனால் டாக்டரின் குரல் மாறும்.

ஆனால் ஸ்கேன் மட்டும் போதாது. இது அடிக்க அடிக்கவே எனக்கு மனப்பாடம். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது ஒன்று. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கூடியிருப்பது, அல்லது தாடை மீசை முடியாகவும் பருவாகவும் வெளியே தெரிவது இரண்டு. ஸ்கேன் மூன்று. மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பி.சி.ஓ என்ற பேரைச் சொல்ல வேண்டும்.

எனக்கு மூன்றும் உண்டு. பதினான்கு சிசி. அந்த ரிப்போர்ட் கவர் இன்னும் அம்மாவின் பீரோவில், அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. பிடித்த புடவை அது வேறு.

ஜனவரி 27, திங்கள்

சிந்துஜா ஏழு மணிக்கே அம்மாவோடு வந்துவிட்டாள். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல்தான் ஸ்கேன், அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்துவிட்டு பெஞ்சில் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கக்கூஸ் நாற்றம் வேறு. அவளுக்கு முன்னால் ஒன்பது பேர்.

நான் டோக்கன் கொடுக்கப் போனபோது முகத்தைப் பார்த்தாள். முகத்தை அல்ல, தாடையை. அவசரத்தில் காலையில் விட்டுப்போனது இரண்டு. கையால் மறைத்தேன். அவள் நான் மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்கும் மேலொதட்டுல இருக்குதுங்க்கா. நூல் போட்டு எடுத்துக்குவேன். காலேஜுக்கு எதிர்த்தாப்ல ஒரு அக்கா நல்லாப் பண்ணுவாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சிரித்தாள்.

இரக்கப்படுகிறாளாம். வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே என்னைச் சீர்செய்யக் கிளம்பிவிட்டாள்.

ஸ்கேன் ஆனது. டாக்டர் சொன்னதை அடித்தேன். என்ன வந்ததோ அதைத்தான் அடித்தேன். கையெழுத்தாகி வந்தது, ஃபிலிமோடு ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். மதியம் புளிசாதம், உப்பு பத்தவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பி, சி, ஓ என்ற மூன்று எழுத்தும் தெரியும். என் கவரில் பார்த்துப் பார்த்துப் பழகியது. விரலை வைத்துத் தேடி, கடைசி வரியில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. தப்பித்தோம் என்கிற திருப்தி. பெற்ற தாய் என்று பார்க்காமல் சொல்கிறேன், அருவருப்பாக இருந்தது.

உடனே போன். "எங்களுக்கு ஒத்துவராதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க." ஏன் என்று அவர்கள் கேட்டார்கள் போல. "ரிப்போர்ட்டைப் பாத்தா உங்களுக்கே தெரியுமுங்க" என்றாள். பிறகு தரகருக்குப் போன், அப்புறம் பெரியம்மாவுக்கு, அப்புறம் யார் யாருக்கோ.

ஜனவரி 31, வெள்ளி

பிரகதீஸ் திருப்பூரிலிருந்து வந்தான். அவனிடம் அந்தப் பெண் பத்து நாளாக போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். வருத்தமா என்று கேட்டேன். "அம்மா சொன்னாச் சரிதான், என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டினான். இவனுக்கு முப்பத்தொரு வயது. தோசைக்கல்லைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை, தோசைதான் போட்டேன், முறுகலாக.

பிப்ரவரி 3, திங்கள்

வந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு.

நான் சிந்துஜாவை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டார்களாம். யாரோ அத்தை சொன்னாளென்று கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு கலந்து காலையும் மாலையும் கொடுக்கிறார்கள். வாயில் வைத்தால் விஷக் கசப்பு. அதைக் குடித்துக் குடித்து வாந்தி. காலேஜில் வேறு எப்படியோ தெரிந்துபோய், கூடப் படிக்கிறவளே "உனக்குக் கொழந்த பொறக்காதாமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றையிலிருந்து காலேஜுக்குப் போகவில்லை. இதையெல்லாம் சிந்துஜா சொல்லவில்லை, அவள் அம்மா சொன்னாள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

ரத்தம் எடுக்கும் இடத்தில் மாதவிலக்கு எப்படி வருகிறது என்று கேட்டார்கள். அவள் அம்மாதான் பதில் சொன்னாள். "பதிமூணு வயசுல இருந்து ஒரு நாளு தவறாதுங்க. இருவத்தொம்பதாம் நாளு வந்துரும். இன்னைக்கு மூணாம் நாளு." எல்.எச், எஃப்.எஸ்.எச், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.எச் என்று ஒரு முழத்துக்குச் சீட்டு. ஆறு குழாய் ரத்தம். ஐந்தாவது குழாயில் அவள் உதடு வெளுத்துவிட்டது.

போகும்போது என்னிடம் வந்து, "அக்கா, இது கரையுமுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அவசர வேலை இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

சென்டரில் ஏசி ஓடவில்லை. நாள் முழுக்க வியர்வை, ஜெல், பினாயில். தலை வலி. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ரத்த ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டது. எல்லாமே சரி. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் பாதி அளவைக்கூடத் தாண்டவில்லை. மேலுதட்டுப் பூனைமுடியெல்லாம் கணக்கில் சேராது.

மகப்பேறு டாக்டர் மெஹ்ருன்னிசாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் ரிப்போர்ட்டை மட்டும் படிக்கிறவர் அல்ல, ஃபிலிமைக் கேட்டு வாங்கி விளக்கில் பிடித்துப் பார்க்கிறவர். மெஷினே ஃபிலிமில் அளவை அச்சடித்துவிடும். வலது ஆறு புள்ளி இரண்டு, இடது ஐந்து புள்ளி எட்டு. ரிப்போர்ட்டில் பதினொன்றரை, பன்னிரண்டு.

ஒன்பது மணிக்கு மெஹ்ருன்னிசா டாக்டரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் விஜயசாரதி பேசினார். "டாக்டர், மொதல்ல இது அந்தப் பொண்ணோட ரிப்போர்ட்டே இல்ல. ரெண்டாவது, வயசுக்கு வந்து எட்டு வருஷங்கூட ஆகாத பொண்ணுக்கு ஸ்கேனை வெச்சு இதச் சொல்லவே கூடாது. அந்தப் புள்ள என்ற முன்னாடி உக்காந்து வாந்தி எடுக்குது. உங்க கையெழுத்து இருக்குது பாருங்க."

விஜயசாரதி கறுத்துப்போனார். டைப்பிங் மிஸ்டேக் என்றார். போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். சிந்துஜாவுக்கு முந்தின ஆள் முப்பது வயதுப் பெண். அவளுடைய சினைப்பைப் பத்தி அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், சிந்துஜாவின் பெயருக்குக் கீழே இருந்தது. பெயர் மாறியிருந்தது, வயது மாறியிருந்தது, கர்ப்பப்பை அளவுகூட மாறியிருந்தது. அந்தப் பத்தியும் கடைசி வரியும் மட்டும் மாறவில்லை.

"பதினொரு வருஷத்துல மொதல் தப்பு. விடுங்க, மனுஷருக்கு வர்றதுதான்" என்றார். எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். ஆடை மிதந்த அந்த டீயை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை. சரியான ரிப்போர்ட்டை அடித்து, கையெழுத்து வாங்கினேன். இன்றைக்கும் அவர் படிக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

27ஆம் தேதி இதே நோட்டில் எழுதியதை எடுத்துப் படித்தேன். என்ன வந்ததோ அதைத்தான் அடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டிலேயே பொய்.

டாக்டர் ஆறு புள்ளி இரண்டு என்றது காதில் விழுந்தது. ஐந்து புள்ளி எட்டு என்றதும் விழுந்தது. பழைய பத்தி திரையில் இருந்தது. அழிக்க வேண்டும் என்று தெரிந்தது, மௌஸ் கையில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து துடைத்துக்கொண்டே, "பாத்ரூம் எங்கீங்க்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். அந்தச் சிரிப்பு என் வீட்டுக்கு வரும், தினமும் என் தாடையைப் பார்க்கும், ஒரு வருடத்தில் பிள்ளை பெற்று என் மடியில் போடும் என்று தோன்றியது. அச்சு பட்டனை அழுத்தினேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நானாக வரவில்லை. அவர்கள் என் கவரோடு என்னைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப்போனார்கள். மாமியார் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன்.

அதே வார்த்தையை இருபது வயதுக் குழந்தைக்கு நான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்தால் எனக்கே ஓங்கரிக்கிறது.

அம்மாவிடம் டைப்பிங்கில் தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் திட்டவே இல்லை. "அப்ப அந்தப் புள்ள நல்லாத்தான் இருக்குதா? போச்சாது, பேசி எடுத்துக்கலாம்" என்று அப்போதே காலண்டரைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் புது ரிப்போர்ட்டோடு கவுந்தப்பாடி போக வேண்டுமாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போனோம். ஆப்பிள், மல்லிகைப்பூ, ரிப்போர்ட். வழியெல்லாம் அம்மா ரிப்போர்ட்டைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

அவர்கள் கோபப்படுவார்கள், வாசலோடு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அதற்குத்தான் என்னைத் தயார் செய்துகொண்டு போனேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. சிந்துஜாவின் அப்பா ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்து அழுதாள். பத்து நிமிஷத்தில் தை கடைசிக்குள் நாள் இருக்கிறதா என்ற பேச்சு வந்துவிட்டது. கேசரி வந்தது. நெய் வழிய வழிய மூன்று பேரும் தின்றார்கள். நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

சிந்துஜா பின்கட்டில் இருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. நான் எழுந்து போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, மிளகுபோட்ட அந்தக் கசப்புப் பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டேன். தப்பு அல்ல, தெரிந்துதான் செய்தேன் என்றேன். டாக்டர் சொன்ன அளவு காதில் விழுந்ததையும், பட்டனை அழுத்தியதையும், எனக்கு இருப்பதையும், என்னைத் திருப்பி அனுப்பியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏன் என்று கேட்பாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப கொண்டாந்த புது ரிப்போர்ட்டு, அதுவும் நீங்கதானுங்களே அடிச்சது?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லைங்கறதை நான் எப்படீங்க நம்பறது?"

ஃபிலிமைப் பார், மெஹ்ருன்னிசா டாக்டர் சொன்னாரே என்றேன். தலையாட்டினாள், நம்பாமல். இரண்டு வாரமாக ராத்திரியும் பகலும் வயிற்றுக்குள் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாளாம். அவள் உடம்பையே அவளுக்கு அருவருப்பாக்கிவிட்டேன். பதினைந்து வருடமாக எனக்கு இருக்கிற வியாதி அது. ஸ்கேனில் தெரியாதது.

அப்புறம் அவள் முன்கட்டுக்கு வந்தாள், எல்லார் முன்பும் நின்றாள். இந்தச் சம்பந்தத்தில் எனக்குச் சம்மதமில்லை என்றாள். அவள் அப்பா கையை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்று, பின்கட்டில் சொன்னதையே மறுபடியும் சொன்னேன். அம்மா அவசரமாக, "இவளுக்கு அப்பப்ப இப்பிடித்தானுங்க, கண்டுக்காதீங்க" என்றாள். சிந்துஜாவின் அம்மா சொன்னதுதான் கேவலம். "அதனாலென்னுங்க, இப்பத்தான் ரிப்போர்ட்டு நல்லா வந்துருச்சுங்களே."

சிந்துஜா யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் அம்மாவின் மடியைப் பார்த்தேன். ஆப்பிளை மட்டும் திருப்பி எடுத்து வந்திருந்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

விஜயசாரதியிடம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தப்பு என்றே இருக்கட்டும், வெளியே போனால் சென்டர் பெயர் கெடும், வேலையைப் பாருங்கள் என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரையில் முந்தின ஆளின் ரிப்போர்ட் திறந்தே இருந்தது. அதை மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

போன் வந்தது, சிந்துஜாதான். தெரியாத ஊரில், தெரியாத இடத்தில் ஸ்கேன் பார்க்க வேண்டுமாம். வீட்டில் யாரும் கூட்டிப் போக மாட்டார்களாம். நான் வர வேண்டுமாம். "ஆனா உள்ளார வரக்கூடாதுங்க" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஈரோடு. பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் அல்ல. வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ரிப்போர்ட்டில் எதை எதைப் பார்க்க வேண்டும்? சொன்னேன். முதலில் பெயர், வயது. பிறகு ஃபிலிமில் இருக்கிற அளவும் தாளில் இருக்கிற அளவும் ஒன்றா என்று. இரண்டு பக்கமும். பத்துக்குக் கீழா என்று. கையில் குறித்துக்கொண்டாள், பேனாவால், உள்ளங்கையில்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லா ஸ்கேன் சென்டரிலும் அதே நாற்றம். முக்கால் மணி நேரம் கழித்துக் கவரோடு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் பக்கம் நின்றாள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள். தாளைப் பார்த்தாள், ஃபிலிமைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள். உதடு அசைய மூன்று தடவை படித்தாள்.

தோள் இறங்கியது. பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். நான் எழுந்தேன், ரிப்போர்ட்டை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டேன், பதினொரு வருடப் பழக்கம்.

அவள் ஃபிலிமையும் தாளையும் மடித்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "பசிக்குதுங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றாள். எதிர்த்த ஓட்டலில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டாள், மறுசோறு கேட்டு வாங்கி. ரிப்போர்ட்டைக் கடைசி வரைக்கும் என்னிடம் காட்டவில்லை.